ரஞ்சி அக்காவின் புள்ளடி

“...ஒராளுக்கும் வோட்டு இல்லை, ஆனா ரெண்டு பேருக்கும் தொண்டை கட்டிப்போச்சு! நல்ல தேர்தல்தான் இது!”

சொன்னவர் ரஞ்சி அக்கா. கேட்டுக்கொண்டு நின்றவர்கள் தவம் அண்ணையும் யூட்டும். இடம், பிராங்பேர்ட்டில் எங்கள் பிள்ளைகள் சனிக்கிழமை தோறும் தமிழ் படிக்கிற பள்ளிக்கூடத்தின் சாப்பாட்டு அறை.

சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளி உங்களுக்குத் தெரியும்தானே? பிள்ளைகள் மேல்மாடியில் ‘ழ’வோடு மல்லுக்கட்டும் மூன்று மணித்தியாலமும் பெற்றோர் கீழே காத்திருப்போம். வீட்டுக்குப் போய்த் திரும்பினால் பாதி நேரம் ரயிலிலேயே போய்விடும். ஆகவே — பிளாஸ்க், ரோல்ஸ், அரசியல்.

போன மாதம் முழுக்க அந்த அரசியல் பிரிட்டிஷ் அரசியலாக இருந்தது. ஜெர்மனியில் இருந்துகொண்டு ஏன் அந்தக் கதை என்கிறீர்களா? எங்களில் யாருக்குத்தான் லண்டனில் ஒரு மச்சாள் இல்லை? அங்கே தேர்தல் வந்தால் இங்கே எங்களுக்கு வியர்க்கும்.

தவம் அண்ணை நீலக் கட்சி. விமான நிலையத்தில் சரக்கு ஏற்றுகிற வேலை. குரலும் அதற்கு ஏற்ற குரல். தலைவர்களின் தொலைக்காட்சி விவாதத்தை ஒன்று விடாமல் பார்த்துவிட்டு வருவார்.

“தலைவனை மேடையில தண்ணி குடிக்கேக்க பார்க்கவேணும். எங்கட ஆள் கிளாசை ஒரு கையால பிடிக்கிறார். மற்றவர் ரெண்டு கையாலயும் பிடிக்கிறார். ரெண்டு கையாலயும் பிடிக்கிறவரிட்ட நாட்டைக் குடுக்கேலுமோ?”

யூட் சிவப்புக் கட்சி. இங்கேயே வளர்ந்த பிள்ளை, இப்போது இரண்டு பிள்ளைகளுக்குத் தகப்பன். “அண்ணை, கிளாஸை விடுங்கோ. லண்டனில எங்கட சித்திக்கு முழங்கால் ஒப்பரேசனுக்கு ஒரு நாள், ஒரு டெர்மின் கிடைக்கேல்ல. அதுக்கு உங்கட ஆள் என்ன சொன்னவர்?”

“உன்ர சித்தியின்ர முழங்காலுக்குப் பிரதமர் வந்து எண்ணெய் பூசுறதோ?”

இப்படித்தான் போகும். நானும் சும்மா இருந்தேன் என்று சொல்லமாட்டேன். ஒரு தலைவரின் கழுத்துப்பட்டியைப் பற்றி அரை மணித்தியாலம் பேசியிருக்கிறேன். இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது... கொஞ்சம்தான்.

இந்தச் சண்டைக்கு நடுவில்தான் ரஞ்சி அக்கா அந்தக் குண்டைப் போட்டார். முதியோர் இல்லத்தில் வேலை செய்கிறவர். நூறு வயதுப் பிடிவாதக்காரர்களையே குளிக்க வைக்கிற பொறுமை அவருக்கு உண்டு. வழக்கமாக எல்லோருக்கும் தேத்தண்ணி ஊற்றித் தந்துவிட்டு ஓரமாக இருப்பார்.

தவம் அண்ணைக்குச் சுருக்கென்றது. “எங்களுக்கு இல்லைத்தான். அப்ப இஞ்ச ஆருக்கு இருக்கு?”

“எனக்கு இருக்கு,” என்றார் அக்கா.

ரோல்ஸ் கடித்த வாய்கள் கடித்தபடியே நின்றன.

கதை இதுதான். அக்கா கலியாணம் கட்டி பிராங்பேர்ட்டுக்கு வருமுன் லண்டனில் இருந்தவர். கையில் இன்னும் பிரிட்டிஷ் பாஸ்போர்ட். பதினைந்து வருஷத்துக்கு மேல் வெளிநாட்டில் இருந்தால் வாக்கு இல்லை என்று அங்கே ஒரு சட்டம் இருந்தது; அதை இப்போது எடுத்துவிட்டார்கள். பதினேழு வருஷமாக இங்கே இருக்கிற அக்கா, பழைய விலாசத்தைக் கொடுத்துப் பதிந்து, வாக்குச்சீட்டைத் தபாலில் அனுப்பச் சொல்லியும் கேட்டுவிட்டார். ஒருவருக்கும் மூச்சுக்கூட விடவில்லை.

அடுத்த சனிக்கிழமை சாப்பாட்டு அறைக்குள் நுழைந்த எனக்கு இடம் மாறி வந்துவிட்டேனோ என்று சந்தேகம். தவம் அண்ணை அக்காவுக்குக் கதிரை இழுத்துப் போடுகிறார்! யூட் வீட்டிலிருந்து அப்பிள் கேக் செய்வித்துக் கொண்டு வந்திருக்கிறான்! பிளாஸ்க்கைத் தூக்க அக்காவை ஒருவரும் விடவில்லை.

“தேர்தல் நேரத்தில கேக் வாங்கினா லஞ்சமெண்டு சொல்லுவினம்,” என்ற அக்கா இரண்டாவது துண்டையும் எடுத்தார்.

“இது சும்மா கேக் அக்கா. ஆனா அந்தச் சித்தியின்ர முழங்கால்...”

“யூட், உன்ர சித்தி இப்ப எனக்கும் சித்தி மாதிரி ஆயிட்டா. காணும், விடு.”

அன்று பிளாஸ்க்குகளைக் கழுவும்போது அக்காவிடம் கேட்டேன். இந்தப் பகிடியை ரசிக்கிறீர்களா, தலையிடியாக இருக்கிறதா என்று.

அக்கா குழாயைப் பூட்டினார். “லண்டனில மூண்டு தரம் வோட்டுப் போட்டனான். மூண்டு தரமும் என்ர அண்ணர் வாசல் வரைக்கும் கூட வந்தவர். ‘மேலயிருந்து ரெண்டாவது, மறந்திடாத’ எண்டு சொல்லித்தான் உள்ளுக்கை விடுவார். நானும் மறக்கேல்ல. ஆருக்குப் போடுறன், ஏன் போடுறன் எண்டு மட்டும் தெரியாது. இந்த முறையும் போன் எடுத்து, ‘உன்ர வோட்டைப் போடுற உரிமையை எனக்கு எழுதித் தா, நானே போட்டு விடுறன்’ எண்டவர். நான் தபாலில கேட்டிட்டன் எண்டு சொன்னன். ஒரு தரமெண்டாலும் சீட்டில நான் கீறுற புள்ளடி என்ர புள்ளடியா இருக்கவேணும் கண்டியளோ.”

சின்ன ஆசைதான். ஆனால் யோசித்துப் பாருங்கள்... எங்கள் வீடுகளில் எத்தனை பேருக்கு அது கிடைத்திருக்கிறது?

அதற்கடுத்த சனிக்கிழமை அக்கா மூச்சு வாங்க வந்தார். கையில் தடித்த கடித உறை. முதல் நாள் வேலைக் களைப்பில் தபால் பெட்டியைத் திறக்கவில்லையாம். காலையில் வெளிக்கிடும்போதுதான் எடுத்தாராம். இங்கே எங்கள் தபாலகம் சனிக்கிழமை ஒரு மணிக்குப் பூட்டிவிடும். இன்றைக்கே விரைவுத் தபாலில் போட்டால்தான் தேர்தலுக்குள் லண்டன் போய்ச் சேரும். திங்கள் என்றால் உறுதியில்லை.

“உடையுங்கோ, உடையுங்கோ!” தவம் அண்ணை மேசையைத் துடைத்தார். அவர் மேசை துடைத்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

அக்கா சீட்டை விரித்தார். எல்லாத் தலைகளும் குனிந்தன. தவம் அண்ணையின் விரல் மேலிருந்து கீழே போனது. பிறகு கீழேயிருந்து மேலே வந்தது.

“எங்கட ஆள் எங்கை?”

“எங்கட ஆளையும் காணேல்ல,” என்றான் யூட்.

சீட்டில் ஐந்தாறு பெயர்கள் இருந்தன. ஒன்றுகூட எங்களுக்குத் தெரிந்த பெயர் இல்லை. ஒரு மாதமாக நாங்கள் சிரிப்பை அளந்து, கழுத்துப்பட்டியை அளந்து, தண்ணீர்க் கிளாசை அளந்து வைத்திருந்த அந்தப் பெரிய மனிதர்கள் ஒருவரும் அந்தக் கடதாசியில் இல்லை!

“இதென்ன கடதாசி? தலைவர் இல்லாத வோட்டுச் சீட்டோ? பிழையா அனுப்பிப்போட்டாங்கள், திருப்பி அனுப்புங்கோ தங்கச்சி!”

யூட்தான் முதலில் தலையைச் சொறிந்தான். “இல்லை அண்ணை... தலைவர்மார் தங்கட தங்கட தொகுதியிலதான் நிப்பினம். இது அக்கா இருந்த தொகுதி. இங்க நிக்கிற ஆக்களுக்குத்தான் போடலாம். எனக்குத் தெரியும்... ஆனா மறந்துபோனன்.”

“அப்ப ஒரு மாசமா ரெண்டு பேரும் சண்டை பிடிச்சது இதில இல்லாத ஆக்களுக்காகவோ?” என்று கேட்டார் அக்கா.

அந்தக் கேள்வி எனக்கும் சேர்த்துத்தான். டிவியில் தெரிகிற முகத்தோடு குடும்பம் நடத்துகிறோம். எங்கள் பெயரில் போய்ப் பேசப்போகிற ஆளின் பெயர் கேட்டால் முழிக்கிறோம். லண்டனை விடுங்கள். நான் இருக்கிற தொகுதியின் பிரதிநிதி யார் என்று அன்று இரகசியமாகப் போனில் தேடிப் பார்த்தேன். அவர் என் தெருவுக்குப் பக்கத்துத் தெருவாம்!

அக்கா நேரத்தைப் பார்த்தார். “யூட், இந்த ஆக்கள் என்ன சொல்லுகினம் எண்டு ஒவ்வொண்டா வாசி. கட்சியைச் சொல்லாத. ஊருக்கு என்ன செய்யப்போகினம் எண்டு மட்டும் வாசி.”

யூட் போனைப் பார்த்து வாசித்தான். ஒருவர் பஸ் பற்றி, ஒருவர் வாடகை பற்றி, ஒருவர் மூடிப்போன நூலகம் பற்றி. அக்கா இடையில் இடையில் நிறுத்தினார். “எந்த பஸ்?” “அந்த மூலை லைப்ரரியோ? அதையுமோ மூடிப்போட்டாங்கள்?” தவம் அண்ணை வாய் திறந்தபோதெல்லாம் ஒரு ரோல்ஸை எடுத்து அவர் கையில் வைத்தார்.

அந்த நேரம் பார்த்து அக்காவின் போன் அடித்தது. லண்டன் அண்ணர். வீடியோவில்.

“ரஞ்சி, சீட்டு வந்திட்டுதோ? கமராவுக்குக் கிட்டப் பிடி பாப்பம். ஆ... மேலயிருந்து மூண்டாவது. விளங்கிச்சோ? இப்ப என்ர கண்ணுக்கு முன்னாலயே போடு.”

“அதைத்தான் நானும் சொல்ல வந்தனான், மூண்டாவதுதான் எங்கட கட்சி!” என்று தவம் அண்ணை விரலை நீட்டினார்.

“அண்ணை, கையை எடுங்கோ!” என்று யூட் அவர் விரலைப் பிடித்தான்.

அக்கா மூன்று ஆண்களையும் ஒரு தடவை பார்த்தார். போனை ரோல்ஸ் டப்பாவின் மூடியில் கவிழ்த்து வைத்தார்.

“ரஞ்சி? இருட்டாக் கிடக்கு! ரஞ்சி?” என்றது மூடி.

சீட்டையும் உறைகளையும் பேனையையும் எடுத்துக்கொண்டு அக்கா நடந்தார். சாப்பாட்டு அறையின் மூலையில் வாளியும் தும்புத்தடியும் வைக்கிற சின்ன அறை ஒன்று உண்டு. உள்ளே போனார். கதவு பூட்டுகிற சத்தம் கேட்டது.

நாங்கள் வெளியே நின்றோம். மேலே பிள்ளைகள் ‘அவன் வந்தான், அவள் வந்தாள்’ என்று ஒரே குரலில் படித்துக்கொண்டிருந்தார்கள். ஒரு புள்ளடி போட இவ்வளவு நேரமா? தவம் அண்ணை கதவில் காதை வைக்கப் போனார். நான் சேர்ட்டில் பிடித்து இழுத்தேன்.

கதவு திறந்தது. அக்கா முகத்தில் ஒரு வெளிச்சம். கையில், இன்னும் வாய் ஒட்டாத வெளி உறை.

“ஆருக்குப் போட்டனீங்கள் தங்கச்சி? எனக்கு மட்டும் சொல்லுங்கோ,” என்றார் தவம் அண்ணை, அவருக்கு வரக்கூடிய மிக மெல்லிய குரலில்.

ரஞ்சி அக்கா அவரை நேருக்கு நேர் பார்த்தார். பிறகு நாக்கை நீட்டி — உறையின் ஒரு கரையிலிருந்து மறுகரை வரை, அவசரமே இல்லாமல், நக்கி ஒட்டினார்.