ஸ்பானிஷில் ஒரு தோணிப் பகிடி

போன ஞாயிறு எங்கள் வீட்டில் பகல் விருந்து. விருந்தாளி, எங்கள் பங்குக் கோயிலுக்குப் புதிதாக வந்திருக்கும் ஸ்பெயின் நாட்டுப் பாதர். நண்டுக்கறி மணம் தெருவரை போனது. எனக்கோ வேறு பசி... பாதர் என் தோணிப் பகிடியை இன்னும் கேட்டுச் சிரிக்கவில்லை!

மட்டக்களப்பில் அதைக் கேட்காத காது வேறேது? ஆனால் விருந்துக்கு நாள் குறித்த அன்றே என் மனைவி பிலோமினா உத்தரவு போட்டுவிட்டாள்.

"இஞ்ச பாருங்க, பாதருக்கு முன்னால அந்தத் தோணிக் கதைய எடுத்தீங்கெண்டா, நான் அம்மா வீட்ட போயிருவன். ஓம், சொல்லிப்போட்டன்!"

தமிழில் சொன்னால்தானே அவளுக்குத் தெரியும்? பழைய புத்தகக் கடையில் ஒரு ஸ்பானிஷ் கைநூல் வாங்கினேன். கதையும் பகிடியும் சொல்வதற்கென்றே அதில் தனி அத்தியாயம்! 'அபீயா உனா வெஸ்' என்றால் 'ஒரு ஊரிலே'. 'என்தோன்சஸ்' – 'அதுக்குப் பிறகு'. குளிக்கும்போதெல்லாம் இதே பாராயணம்தான்.

"ஆரை ஏசுறீங்க?" என்று பிலோமினா கிணற்றடிக்கே வந்து கேட்டாள்.

சாப்பாடு முடிந்தது. தொண்டையைச் செருமிக்கொண்டு தொடங்கினேன். "அபீயா உனா வெஸ்..."

பாதரின் முகம் மலர்ந்ததைப் பார்க்க வேண்டுமே! கதிரையை இழுத்துக்கொண்டு கிட்ட வந்தார். எனக்குத் தலைகால் புரியவில்லை. 'ஊன் ஓம்ப்ரே' என்று ஒரு மனிதனைக் கொண்டுவந்தேன். "என்தோன்சஸ்..." அய்யோ, தோணிக்கும் மூட்டைக்கும் ஸ்பானிஷில் என்ன? அத்தியாயத்தில் இல்லையே! துடுப்புப் போட்டுக் காட்டினேன். குஷனை எடுத்து நெல்மூட்டையாகத் தலையில் வைத்தேன். பிடிபட்டேன்.

"கடவுளே, அந்தத் தோணிக் கதையா!" என்றாள் பிலோமினா.

அதற்குள் பாதர் துள்ளி எழுந்தார். "தெரியும்! எங்கள் ஊரிலும் உண்டு! அங்கே தோணி இல்லை, கழுதை!" குஷனைப் பறித்துத் தன் தலையில் வைத்தார். கதிரையில் இருபக்கமும் கால்போட்டு உட்கார்ந்தார். பிரசங்கத் தமிழில் அவரே முடித்தார்: "'மனிதா, மூட்டையைக் கழுதைமேல் வைக்கலாகாதா?' என்றார்கள். அவன் சொன்னான், 'ஐயோ பாவம், என்னைச் சுமப்பதே அதற்குப் பெரிது. மூட்டையை நான் சுமக்கிறேன்!'"

என் தோணிக்காரன் சொல்லவேண்டிய அதே கடைசி வரி! போச்சு.

பிலோமினா சிரித்தாள்... கதவைப் பிடித்துக்கொண்டு, கண்ணீர் வழிய வழிய. கல்யாணம் கட்டிய நாளிலிருந்து என் தோணிக்கு உதடு பிரியாதவள்! எனக்கு வயிறு எரிந்தது. அவள் சிரிப்பதைப் பார்க்க ஆசையாகவும் இருந்தது.

பாதர் போனதும் கேட்டேன். "அதே பகிடிதானே, புள்ள?"

"ஓம், அதே பகிடிதான். அவர் ஒருக்காத்தானே சொன்னவர்!"