தறிக்குழியில் ஓர் இடம்

"தரையில உக்கார முடியாதவ எந்த ஊட்டுல போயிக் குடும்பம் பண்ணுவா?" ஆஸ்பத்திரியிலிருந்து வெண்ணந்தூருக்கு நான் திரும்பிய அன்றே, அப்பாவின் அக்காவான என் அத்தை கேட்டது இது. இரண்டு வருஷம் முன்பு வண்டி குடைசாய்ந்து என் முழங்கால் நொறுங்கி, சேலத்தில் மாதக்கணக்கில் படுத்திருந்தேன். கால் பிழைத்தது, ஆனால் பாதிக்கு மேல் மடங்கவில்லை. மடக்கி நீட்டிப் பழகினால் தேறும் என்று சொல்லி அனுப்பினார்கள்.

ஆஸ்பத்திரியில் கட்டில் இருந்ததால் எனக்குக் குறை தெரியவில்லை. எங்கள் வீட்டிலோ உண்பது, உறங்குவது, நூல் சுற்றுவது எல்லாமே தரையில்தான். எனக்கென்று கயிற்றுக் கட்டில் ஒன்று வாங்கிப் போட்டார்கள். அம்மா சோற்று வட்டிலை என் கையில் கொடுத்துவிட்டு மற்றவர்களோடு போய் உட்கார்ந்துகொள்வாள். கீழே அவர்கள் சிரித்துப் பேசிச் சாப்பிடுவார்கள். மேலே நான் விருந்தாளி மாதிரி. எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகப் பள்ளிக்கூடம் போனவள் நான். ஆசிரியைப் பயிற்சிக்குப் போக ஆசைப்பட்டவள். பயிற்சிப் பள்ளி விடுதியிலும் தரையில்தான் பந்தி என்பதால், கால் சரியான பிறகுதான் போவது என்று இருந்தேன்.

ஒரு மத்தியானம் அப்பா தறியை நிறுத்திவிட்டு நூல் வாங்கப் போயிருந்தார். எல்லோரும் சாப்பிட உட்கார்ந்ததும், நான் தூணைப் பிடித்துத் தறிக்குழிக்குள் இறங்கி, நெய்கிறவர் உட்காரும் விளிம்பில் உட்கார்ந்தேன். கால் குழிக்குள் சுகமாகத் தொங்கியது. பக்கத்தில் தரையில் இருந்த தங்கையின் தோளும் என் தோளும் ஒரே உயரம். அவளிடம் என் வட்டிலைக் கேட்டேன்.

அம்மா பதறினாள். குழம்பு ஒரு சொட்டு தெறித்தாலும் தறியில் பாதி நெய்திருந்த சேலை வீண். அதற்குள் அப்பாவே வந்துவிட்டார். வட்டிலையும் என்னையும் பார்த்தார். பிறகு தன் துண்டை எடுத்து நெய்த துணியின்மேல் விரித்தார்.

"தின்னுபோட்டுக் கையைக் கழுவு சாமி. காலு சும்மா தொங்க வேண்டாம், தறியோட மிதிக்கட்டையை மிதிச்சுப் பழகு."

"சேலை கெட்டுப்போயிருமுங்கப்பா."

"கெட்டா நம்மூட்லயே கட்டிக்கலாம்."

"அதை உங்க அக்காளுக்கே குடுங்க," என்றாள் அம்மா, சிரிக்காமல்.

முதல் வாரமெல்லாம் வலியில் பல்லைக் கடித்துக்கொண்டுதான் மிதித்தேன். போகப்போக முழங்கால் கொஞ்சம் இளகியது. முழுதும் மடங்க இன்றுவரை மறுக்கிறது. ஆனாலும் கால் சரியான பிறகுதான் எதுவும் என்று நான் அதற்கப்புறம் நினைத்ததில்லை.

இப்போது பயிற்சிப் பள்ளி விடுதியில் இருக்கிறேன். வந்த அன்றே, கூடத்திலிருந்து முற்றத்துக்கு இறங்கும் விளிம்பில் காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்து, என் இலையை அங்கே போடச் சொல்லிவிட்டேன்.