இறங்காமல் சுற்றிப் பார்த்த ஊர்

விடியுமுன்னே தரைக்காற்று கருவாட்டு வாசனையைக் கப்பலின் மேல்தட்டுக்குக் கொண்டுவந்தது. கருவாடு, சவுக்கு விறகுப் புகை, வெயிலுக்குக் காத்திருக்கும் ஈர மணல். சைகோனில் பதினாலு வருஷமாக என் காலைகள் நுவோக் மாம் என்னும் மீன்சாற்றின் வாடையோடு விடிகின்றன. முதல் வருஷம் மூக்கைப் பொத்திக்கொண்டேன். பிறகு அது இல்லாவிட்டால் பசியே வருவதில்லை. அன்று புதுச்சேரியின் வாசனை முகத்தில் விழுந்ததும் உடம்பு என்னைக் கேளாமல் எழுந்து, பெட்டியைத் தூக்கிக்கொண்டு, ஏணிப் பக்கம் போய் நின்றது. ஏணியை மேலே இழுத்துக் கட்டியிருந்தார்கள். கொடிமரத்தில் மஞ்சள் கொடி பறந்தது.

அடித்தட்டில் ஒருவனுக்கு வைசூரி. கராந்தேன் என்றார்கள், நோய் கண்ட கப்பலை ஊரை விட்டு ஒதுக்கி வைக்கும் சட்டம். யாரும் இறங்கக் கூடாது, எதுவும் இறங்கக் கூடாது. சாயந்திரம் நங்கூரம் தூக்கி, வடக்கே எங்கோ கொண்டுபோய் எங்களை அடைத்து வைப்பார்கள். மறுநாள் காலையில் என் மகள் தெரேசுக்கு மாதா கோவிலில் கல்யாணம். அதற்கடுத்த நாள் விபூதிப் புதன். அன்று நாற்பது நாள் தபசு காலம் பிறந்துவிட்டால், பாஸ்கா என்னும் உயிர்ப்புத் திருநாள் வரைக்கும் சாமியார் தாலி மந்திரிக்க மாட்டார். பாஸ்காவுக்கு முன்பே மாப்பிள்ளை ஜிபுத்தி வேலைக்குக் கப்பலேற வேண்டும். பெண்ணைக் கைப்பிடித்துப் பீடம் வரை நடத்திக் கூட்டிப்போகத்தான் நான் இத்தனை கடல் தாண்டி வந்தேன். துறைமுக டாக்டர் படகில் வந்து கீழே நின்றபோது, "நாளைக்கு என் மகளுக்குக் கல்யாணம், முசியே" என்று பிரெஞ்சில் சொன்னேன். அதற்குள் ஒரு விண்ணப்பமே இருந்தது. அவர் அதைச் செய்தியாக எடுத்துக்கொண்டார். தொப்பியைத் தொட்டு, "ஃபெலிசித்தாசியோன்" என்று வாழ்த்திவிட்டுப் படகைத் திருப்பச் சொன்னார்.

வெயில் ஏறிய பிறகு தண்ணீரும் காய்கறியும் ஏற்றிக்கொண்டு ஒரு சலங்குப் படகு வந்தது. அதன் முனையில் அந்துவான் நின்றான். என்னோடு பள்ளிக்கூடத்தில் படித்தவன். இப்போது, கடலுக்குள் நீளும் கப்பல் பாலத்து ஆபீசில் குமாஸ்தா. இந்த ஊரில் அவனுக்குத் தெரியாத கதவு கிடையாது.

"இன்னாடா ரப்பாயேலு, ஊரு பாக்க வந்துட்டு மேலயே குந்திக்கினு இருக்கிற?"

"எறங்க விடமாட்டேங்கிறாங்கடா."

"தெரியும். டாக்டரு எங்க ஆபீசுலதான் காப்பி குடிச்சாரு. அதான் ஊரையே கூடையில போட்டுக் கொண்டாந்துட்டேன். கயித்த விடு."

கூடை மேலே வந்தது. தெரேசு முக்காட்டுக்கென்று வாங்கிய வெள்ளைப் பட்டுத் துணியை அதில் வைத்து இறக்கப் போனேன். "வேணாம், வேணாம். மேல போனது கீழ வரக் கூடாதாம். கூடையும் உனக்குத்தான்" என்றான்.

கைகளைக் குவித்து வாயில் வைத்துக்கொண்டு, ஒரு துடுப்பை நீட்டி நீட்டி அவன் ஊரைக் காட்டத் தொடங்கினான். "மொதல்ல ரொட்டிய எடு. நெல்லித்தோப்பு ரொட்டிக் கெடங்குல சுட்டது. அதத் தின்னுக்கினே வெளக்கு கோபுரத்தப் பாரு. அதுக்கு எடது பக்கம் ஆலைப் புகைபோக்கி. அதுக்கும் கீழ ஒரே தென்னையா இருக்குதே, அது உப்பளம், உங்க அக்கா வூடு அதுக்குள்ளதான் கெடக்குது. கடக்கரையில வரிசையா நிக்கறது எலெக்ட்ரிக் வெளக்கு. எரியறப்ப பாத்தா சைகோன் தோத்துடும்."

"நீ சைகோனப் பாத்திருக்கியா?"

"பாக்கணுமா இன்னா? நீ எழுதற லெட்டரு போதாதா?"

சிரித்தேன். சிரித்தபடி கூடையிலிருந்த இலைப் பொட்டலத்தைப் பிரித்தேன். அக்கா கைச் சுறாப்புட்டு. பூண்டும் மிளகும் அவள் கணக்குப்படியே இருந்தன. இரண்டு வாய் உண்டதும் நாக்கு எதையோ தேடியது. நான்கு பக்கமும் தேடியது. நுவோக் மாம். என் ஊர் கண்ணெதிரே கிடக்கிறது, என் அக்காவின் சமையல் வாயில் இருக்கிறது, நாக்கு மட்டும் அங்கே, அந்தச் சேற்று ஆற்றங்கரையில் நிற்கிறது. சைகோனில் இருக்கும் நம்மவர்களே, உங்களுக்கு இது புரியும். ஊரில் இருப்பவர்களுக்கு எப்படிச் சொல்வதென்று எனக்குத் தெரியவில்லை. அங்கே இருந்தபோது கருவாட்டுக்கு ஏங்கினேன், இங்கே வந்து இப்படி.

சாயந்திரச் சலங்கில் அந்துவான் மறுபடி வந்தான். இந்த முறை கல்யாண வீட்டு அதிரசமும் பன்றிக்கறியும் மேலே ஏறின. "பாலத்து முனையப் பாரு. கறுப்புக் கொடைக்குக் கீழ அக்கா. பக்கத்துல மஞ்சப் பொடவ, அதான் தெரேசு" என்றான். எனக்கு நாலைந்து புள்ளிகள் தெரிந்தன. தூரமும் வெயிலும் சேர்ந்து எல்லாப் புடவையையும் ஒரே நிறமாக்கியிருந்தன. எல்லாப் புள்ளிக்கும் கையசைத்தேன். ஒன்று திருப்பி அசைத்தது. அது யாருடைய மகளோ.

அதே பாலத்தில்தான் தெரேசை அக்காவிடம் விட்டுவிட்டுக் கப்பலேறினேன். அவள் தாய் இறந்த வருஷம். அவளுக்கு நாலு வயது. என் வலது கையில் பெட்டி, இடது கையில் அவள். கப்பல் பார்க்கும் ஆசையில் என்னை இழுத்துக்கொண்டு ஓடினாள். பிரியப் போகிறோம் என்பது அவளுக்குத் தெரியாது. கூடவே ஓடினேன். என் இடது கை இன்றைக்கும் கொஞ்சம் முன்னால் இழுபட்டே நிற்பதாகத் தோன்றும்.

நங்கூரச் சங்கிலி கரகரத்தது. "நாளைக்கு நீதான்டா அவளக் கூட்டிக்கினு போகணும்" என்றேன்.

அந்துவான் துடுப்பைப் பார்த்துக்கொண்டு நின்றான். "அதக் கேக்கத்தான்டா அக்கா என்ன அனுப்பிச்சா. எப்படிக் கேக்கறதுன்னு தெரியாமத்தான் காலைலேர்ந்து ஊரக் காட்டிக்கினு கெடக்கறேன்."

படகுக்கும் கப்பலுக்கும் நடுவே தண்ணீர் அகன்றது. கம்பியைப் பிடித்துக் குனிந்து கத்தினேன்: "எடது கைப் பக்கமா நடக்க விடுடா. இழுத்துக்கினு ஓடுவா. பிடிச்சு நிறுத்தாத, கூடவே போ."

"அது சின்ன வயசுல, ரப்பாயேலு," என்றான் அவன். "இப்ப மெதுவாத்தான் நடக்கறா."