வலையில் சிக்கிய கருவி

காசிமேட்டில் நான் சந்தித்த அந்த விசைப்படகு டிரைவர், பேசும்போதும் கடலிலிருந்து கண்ணை எடுக்கமாட்டார். தன் வலையில் சிக்கிய வெளிநாட்டு உளவுக் கருவியைப் பொறுப்பாகப் போலீசில் ஒப்படைத்தவர். அதற்குப் பரிசாக, "எந்த நாட்டுக்காரன் குடுத்தான்?" என்று அவரையே உட்காரவைத்துக் குடைந்திருக்கிறார்கள்.

திடீரென்று கைநீட்டினார். "அதோ போவுது பாரு சார், அது நம்ம போட்டே இல்ல."

"போலீசுக்குச் சொல்லலையா?"

"இன்னாத்துக்கு? மறுபடியும் என்னியே குந்தவெச்சுக் கேப்பானுங்க. தோ, போலீசு நட்டுவெச்ச பலகைல மட்டும் மீனவன்தான் நாட்டுக்குக் கண்ணுன்னு எழுதிக்கீறானுங்க. அந்தக் கண்ணுலயே குத்துறானுங்களே!"

ஆத்திரத்தோடு அந்தப் பலகையிலிருந்த எண்ணுக்கு நானே போன் செய்தேன். என் பெயர், அப்பா பெயர், காசிமேட்டில் எனக்கென்ன வேலை என்றெல்லாம் அதட்டினார்கள். படகு எந்தப் பக்கம் போகிறது என்று கடைசிவரை கேட்கவில்லை.

அவர் மட்டும் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.