குப்புறக் கிடக்கும் சூரியன்

செஞ்சிக்கோட்டை அடிவாரத்தில் என் கல் பட்டறை. பாய் வீட்டுக் கபரின் தலைமாட்டில் நடும் மீசான் கல்லில் பிறை கொத்திக்கொண்டிருந்தேன். பெரியப்பா மகன் வந்து நின்றான்.

"அப்பா சமாதிக்குக் கல்லு வேணும்ணா. மேல சூரியனும் சந்திரனும் இருக்கணும்."

உளி நின்றது. மல்லாட்டை விளையும் எங்கள் கொல்லையின் எல்லைக்கல்லிலும் அவை இரண்டும் இருந்தன. எனக்கு ஏழு வயதிருக்கும்போது, எங்கள் பங்கைத் தன் நிலத்தோடு சேர்த்துக்கொள்ளப் பெரியப்பா அதைப் பிடுங்கினார்.

"சூரிய சந்திரர் சாட்சியா நட்ட கல்லுண்ணா" என்று கெஞ்சினார் என் நைனா.

"சாட்சி வந்து சொல்லட்டும், பாக்கலாம்" என்று சிரித்தபடி, தன் வீட்டுக் கிணற்றடியில் அதைக் குப்புறப் போட்டுத் துவைக்கும் கல்லாக்கினார் பெரியப்பா. காலையில் அங்கே ஈரத்துணி அறையும் சத்தம் கேட்டதும் நைனா சோற்றுத் தட்டைத் தள்ளிவிடுவார்.

"புதுக்கல்லு எதுக்குடா?" என்றேன். "உங்க கிணத்தடிக் கல்லப் பொரட்டு. ரெண்டும் இருக்குது. உங்கப்பன் தலமாட்டுல நடு. இப்ப சொல்லட்டும் சாட்சி."