பதினொரு நாள் சந்நியாசி

கிறகோரியைச் சந்நியாசிமார் மடத்திலிருந்து அனுப்பியதற்குக் காரணம் உப்பு. பத்தொன்பது வயதில் துறவியாகப் போனவன், பேச்சே கூடாத அந்த மடத்தில் பத்து நாள் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தான். பதினோராம் நாள் மத்தியானச் சாப்பாட்டில், "கறிக்கு உப்புக் காணாது" என்று சொல்லிவிட்டான். மடத்துப் பெரியவரே மௌனத்தைக் கலைக்க வேண்டியதாயிற்று. "நீர் போய்க் கடல் தொழிலைப் பாரும். மீனுக்குப் பேச்சு விளங்காது."

முல்லைத்தீவுக் கரையெல்லாம் கிறகோரியே இந்தக் கதையைச் சொல்லிச் சிரிப்பான். வீட்டுக்குத் திரும்பும்போது மட்டும் கொஞ்சம் வலிக்கும்.

கடைசித் துறவியும் காலமாகிப் பூட்டிக் கிடந்த மடத்தை, தொண்ணூற்றெட்டில் பங்குச் சுவாமி திறந்து, ஓடு போன இடமெல்லாம் தறப்பாள் கட்டி, கூத்து மண்டபமாக்கினார். பூசைப் பீடம் இருந்த இடமே மேடை. முதற்கூத்தில் வேதக்காரரான கிறிஸ்தவர்களை வதைக்கும் அரசன் வேடம் கிறகோரிக்கு. ஊரிலேயே பெரிய தொண்டை அவனுடையது.

"நான் அரசனோ சுவாமி? அரசன்ர குதிரைக்குப் புல்லுப் போடுறவன் மாதிரியெல்லோ கிடக்கிறன்" என்றான். உள்ளுக்குள் ஒரே ஆசைதான்: ஒரு தடவையாவது அந்தச் சுவருக்குள் முழுதாகப் பேசி முடித்து, யாரும் துரத்தாமல் வெளியே வரவேண்டும்.

மூன்று மாதம், மனைவி யூலிற்றா சமைக்கும் குசினி வாசலில் நின்று பாடிப் பழகினான். "உங்கட வாய்க்கு மண்டபம் என்னத்துக்கு? இஞ்ச நிண்டு கத்தினாலே மாத்தளன் ஊருக்கே கேக்கும்" என்றாள் அவள்.

சண்டைக் காலத்தில் விளக்குக்கு மண்ணெண்ணெய் கிடையாததால் கூத்து பட்டப்பகலில். மத்தளம் முழங்க, வாளோடு அரசன் உறுமிக்கொண்டு வந்தான். பீடமிருந்த இடத்தில் கால் பட்டதும் உடம்பு பழக்கத்தை விடவில்லை. கிரீடத்தைக் கழற்றி, முழங்காலிட்டு, சிலுவை அடையாளம் போட்டான். வேதத்தை அழிக்க வந்தவன்! முன்வரிசையில் நாலைந்து பேர் தாங்களும் எழுந்து சிலுவை போட்டார்கள். பிறகு மண்டபமே சிரிப்பில் அதிர்ந்தது.

எழும்பிய கிறகோரிக்குப் பாட்டின் முதல் அடி மறந்துபோயிற்று. சந்நியாசிமார் அவனிடம் எதிர்பார்த்த மௌனம் முப்பது வருடம் பிந்தி வந்திருந்தது. வெட்கத்தில் வாளைப் போட்டுவிட்டு ஓடிவிடலாம் போலிருந்தது.

அப்போது பெண்கள் பக்கமிருந்து யூலிற்றா எழுந்தாள். குசினியில் கேட்டுக் கேட்டு அவளுக்குக் கூத்து முழுக்கப் பாடம். புருசனைப் பார்த்துப் பெருங்குரலில் பாடினாள்: "வேதம் சொல்லும் நாவை அறுப்பேன்!"

கிறகோரி பிடித்துக்கொண்டான். இரண்டரை மணி நேரம் பாடினான். ஒருவரும் அவனைப் போகச் சொல்லவில்லை.

அன்று பின்னேரம் யூலிற்றா சோறு போட்டாள். கறிக்கு உப்புக் காணாது. கிறகோரி வாய் திறக்காமல் இன்னும் ஒரு அகப்பை வாங்கிச் சாப்பிட்டான்.