வரிசையில் நின்ற ரங்கன்

லைட்ஹவுஸ் குப்பத்துக்குச் சுனாமிப் படம் எடுக்க வந்தார்கள். நிஜ சுனாமிக்கு ஓடியவர்களையே நிற்கவைத்து, எப்படி ஓட வேண்டும் என்று சொல்லிக்கொடுத்தார்கள். மதியம் பிரியாணி என்றதால் நாங்களும் வாயை மூடிக்கொண்டு கற்றுக்கொண்டோம்.

என் பக்கத்து வீட்டு ஜமுனா கருவாடு போடுகிறவள். அவள் வாயைத் திறந்தால் காக்காய்கூடக் கருவாட்டை அண்டாது. புருஷன் ரங்கன் ஃபைபர் போட்டில் மீன்பிடிக்கப் போகிறவர், அதிகம் பேசமாட்டார். அவரைத்தான் அலையில் அடித்துப்போய்ச் செத்தவராக மணலில் படுக்கவைத்தார்கள். கேமரா அவர் முகத்துக்கு மேலேயே வந்து நின்றது. ஜமுனாவுக்கு முகமே செத்துவிட்டது.

அவள் பிறந்த வீட்டில் ஒரு வழக்கம் உண்டு. உயிரோடு இருப்பவரை யாராவது செத்துப்போனார் என்று சொல்லிவிட்டால், சொன்னவர் கண்முன்னாலேயே அந்த ஆள் சோறு வாங்கித் தின்ன வேண்டும். அப்போதுதான் தோஷம் கழியும்.

மறுநாள் நிவாரண முகாம் காட்சி. நேற்று செத்தவர்கள் வரவேண்டாம் என்று சொல்லியிருந்தார்கள். ஜமுனா கேட்பாளா? புருஷனை இழுத்துவந்து சோற்று வரிசையில் தனக்கு முன்னால் நிறுத்தினாள்.

"அந்தக் கேமராதான உன்ன சாவடிச்சுது? அது பாக்கவே துண்ணு."

"அதே சட்டயோட வந்துக்கிறேனே."

"தொவச்சிதான போட்டுக்கின? நில்லுயா."

அதே மஞ்சள் கட்டம் போட்ட சட்டையில் ரங்கன் தட்டை வாங்கி, கேமராவைப் பார்த்தபடி ஒரு வாய் தின்றார். அந்தக் கூட்டத்தில் படக்காரர்கள் ஒருவரும் கவனிக்கவில்லை.

படம் வந்ததும் குப்பமே பொன்னேரி தியேட்டருக்குப் போனது. ஷேர் ஆட்டோ ஓட்டும் தீனாவுக்குப் படத்தில் தப்புப் பிடிப்பதென்றால் சோறு தண்ணீர் வேண்டாம். இடிந்து விழுந்த லைட்ஹவுஸ் அடுத்த காட்சியில் நிமிர்ந்து நிற்பதைக் காட்டினான். நீலப் புடவையில் ஓடத் தொடங்கியவள் பச்சைப் புடவையில் மூச்சு வாங்குவதைக் காட்டினான். முகாம் வந்ததும் எழுந்தே நின்றுவிட்டான்.

"இன்னா மாமா, இப்பதான போய்ச் சேந்த, அதுக்குள்ள சோத்துக்கு வந்துட்ட? சட்டகூட நனையல."

தியேட்டரே சிரித்தது. ரங்கனும் வெட்கத்தோடு சிரித்தார். ஜமுனா மட்டும் நிம்மதியாக மூச்சு விட்டாள். தீனா அந்தக் காட்சியைப் போனில் பிடித்துப் போட, அது ஊர் ஊராகச் சுற்றியது.

அடுத்த வருஷ மழைக்காலத்தில் முகத்துவாரத்தில் போட் கவிழ்ந்தது. மற்றவர்கள் நீந்திக் கரையேறினார்கள். ரங்கன் கிடைக்கவில்லை, உடலும் கிடைக்கவில்லை. "கழிச்சும் பலிக்கலையே" என்று ஜமுனா ஒரு தடவைதான் அழுதாள். பிறகு பேச்சே நின்றுபோனது. அவள் கருவாட்டில் காக்காய்கள் வந்து உட்கார்ந்தன. எனக்கு அதைப் பார்க்கப் பொறுக்கவில்லை.

போன மாதம் அந்தப் படத்தை டிவியில் போடுவதாக விளம்பரம் வந்தது. ஜமுனா நேராக தீனா வீட்டு வாசலில் போய் நின்றாள். துணைக்கு நானும் போனேன்.

"டிவில வெட்டித்தான போடுவாங்க? நீ தப்புன்னு ஊருக்கே காட்டிட்ட. அவரு துன்றத எடுத்துட்டிருந்தாங்கன்னா?"

தீனா தலையைச் சொறிந்தான். "நம்ம வூட்லயே உக்காந்து பாக்கலாம்கா" என்றான்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் அவன் வீட்டில் உட்கார்ந்தோம். லைட்ஹவுஸ் விழுந்தது, மறுபடி நின்றது. தீனா வாயைத் திறக்கவில்லை. அலை வந்து ரங்கனைக் கொண்டுபோனது. ஜமுனா என் கையைப் பிடித்துக்கொண்டாள். பாழாய்ப்போன விளம்பரங்கள் முடிவதாயில்லை.

முகாம் வந்தது. வரிசை நகர்ந்தது. யார் யாரோ தட்டு வாங்கினார்கள். அப்புறம் மஞ்சள் கட்டம் போட்ட சட்டை. ரங்கன் ஒரு வாய் சோறு தின்றபடி எங்களைப் பார்த்தார்.

ஜமுனாவின் பிடி தளர்ந்தது.

"நீ சொன்னது சரிதான் தீனா" என்றாள். "சட்டயில ஒரு பொட்டு ஈரம் இல்ல."